வெளியே சொல்லாத விண்ணப்பம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆசீர்வாதம் மேஸ்திரி கட்டியது எதெது என்று கேட்டுப் பாருங்கள். கட்டாதது எது என்று கேளுங்கள், சீக்கிரம் சொல்லிவிடலாம் என்பார்கள். நான் சொல்லிக்கொடுத்து அவர்கள் சொல்லவில்லை.

கரிசல் மண், சுவர் வெடிக்கும், வீடு நிற்காது என்று ஊரே கைவிட்ட மனையில் மாடி வீடு எழுப்பினேன். இன்றைக்கும் ஒரு கீறல் இல்லை. அரும்பாவூரில் அரிசி மில் என் கை. அரியலூர் ரோட்டில் கல்யாண மண்டபம் என் கை. ஐப்பசி மழையில் அஸ்திவாரம் தோண்டாதே என்று எல்லோரும் தடுத்த பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், ஊர் ஊராக மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள், என் சொந்த வீடு, என் மகள் பியூலாவின் கல்யாணத்துக்கு முன்னால் அதன் மேல் எழுப்பிய மாடி, எல்லாம் இந்தக் கைதான்.

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவள். அவள் தலையிலிருந்த கலவைச் சட்டியை வாங்கிக்கொண்டு சாரத்தில் ஏறியதுதான் என் பள்ளிக்கூடம். அங்கே நான் பெயிலானதே கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் சபையின் புது ஆலயம். ஒழுகுகிற ஓட்டுக் கூரைக்குக் கீழே நனைந்து நனைந்து ஆராதனை செய்த ஜனங்கள் நாங்கள். அந்த இடத்தில் இன்று கோபுரம் நிற்கிறது. மெயின் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே தெரியும்.

இத்தனையும் கட்டிய கையை ஒரு புதன்கிழமை சாயங்காலம் மேலே தூக்கினேன். அதனால் வந்த வினையையும், அந்த வினையால் வந்த ஆசீர்வாதத்தையும் இந்த வாரப் பத்தியில் எழுதுகிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு

அன்றைக்கு வீட்டு ஜெபக்கூட்டம் ஞானசவுந்தரி வீட்டில். எங்கள் சபையில் மாதர் சங்கத்துக்கு அவள்தான் எல்லாம். ஹாலில் பாய் விரித்திருந்தார்கள். முட்டி மடங்காத எங்களைப் போன்றவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அடுப்பில் சுண்டல் தாளிக்கிற வாசனை வந்துவிட்டால் ஜெபம் முடியப்போகிறது என்று அர்த்தம்.

கடைசி ஜெபத்துக்கு முன்னால் எங்கள் போதகர் வழக்கம்போலச் சொன்னார். "எல்லாரும் கண்ண மூடிக்குங்க. வெளியே சொல்லாத விண்ணப்பம் உள்ளவங்க கைய மட்டும் ஒசத்துங்க. ஆண்டவருக்குத் தெரியும்."

நான் கையைத் தூக்கினேன்.

அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்த நேரத்தில் கை தூக்கியதில்லை. தூக்குகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவேன். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எல்லோரும் பார்க்கிற மாதிரிதான்.

பூச்சு முடிந்த சுவர்

இந்த வழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் சாட்சி சொல்வது பெரிய காரியம். ஞாயிற்றுக்கிழமை மைக்குக்கு முன்னால் வந்து நின்று, ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று சொல்ல வேண்டும். அதற்கு ஓர் அளவு உண்டு. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். வியாதி வந்திருக்கலாம், சாட்சி சொல்லும்போது அது போயிருக்க வேண்டும். வேலை போயிருக்கலாம், சாட்சி சொல்லும்போது வேறு வேலை கிடைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் வேலையை ஒப்படைக்கிற மாதிரிதான். பூச்சு முடிந்து வெள்ளையடித்த சுவரைத்தான் காட்டுவோம். செங்கல் தெரிகிற சுவரை யாராவது காட்டுவார்களா?

சாட்சி சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்கு மைக்கே தேவையில்லை. மழைக்காலத்தில் எழுப்பிய சுற்றுச்சுவரைப் பற்றி நான் சொன்ன சாட்சியைக் கேட்டு அரியலூரிலிருந்து வந்த ஊழியக்காரர் அழுதிருக்கிறார்.

முடியாத கதைகள் உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கை தூக்குகிற ஜெபம். வாயைத் திறக்க வேண்டாம், கையைத் தூக்கினால் போதும். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தொட்டியின் ஏணியில்

என் முடியாத கதை இது.

அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அரும்பாவூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைத் தொட்டி வேலை. உச்சிப் பூச்சைப் பார்க்க இரும்பு ஏணியில் ஏறினேன். பாதியில் என் கால் என் கால் இல்லை என்று ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி. வெயிலில் கம்பி கொதிக்கிறது, எனக்கோ முதுகில் பச்சைத் தண்ணீர் ஊற்றினதுபோலக் குளிர். கீழே தெரிந்த மக்காச்சோளக் காடு மெல்லத் திரும்பியது.

"மேஸ்திரி, டீ வந்துருச்சு!" என்று கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். டீக்காக இறங்குகிறவனைப் போல இறங்கினேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எல்லாம் சரி என்றால் நான் ஏன் நடுங்குகிறேன் என்று கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சாரத்தில் ஏறவில்லை. "கீழ நின்னு பாத்தாத்தான்டா கோணல் தெரியும்" என்று கொத்தனார்களிடம் சொல்லிவிட்டு மண்ணிலேயே நின்றுகொண்டேன். மேஸ்திரிக்கு வயசாக வயசாகக் கண் கூர்மையாகிறது என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்றைக்கு, எல்லோர் முன்னாலும் நான் ஒன்று சொல்லியிருந்தேன். "கோபுரத்து உச்சியில சிலுவைய என் கையாலதான் வைப்பேன். வேற ஒருத்தரும் ஏறக்கூடாது." ஜனங்கள் கை தட்டினார்கள். அப்போது எனக்குக் கால் நன்றாக இருந்தது.

இப்போது கோபுரம் முடிந்துவிட்டது. திருச்சியிலிருந்து சிலுவையும் வந்து இறங்கிவிட்டது. பளபளவென்று எவர்சில்வர். பிரதிஷ்டைக்கு நாள் குறித்துவிட்டார்கள். கோபுரத்தைப் பார்க்கிற ஒவ்வொரு வேளையும் கீழே நின்றே எனக்குக் கால் நடுங்கியது. என் மனைவி சலோமிக்கும் தெரியாது. அதற்காகத்தான் கை தூக்கினேன்.

ஆரஞ்சுப் பழம்

மறுநாள் காலையில் ஞானசவுந்தரி ஒரு பை ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து நின்றாள்.

"ஸ்தோத்திரம்ண்ணே. ஒடம்பப் பாத்துக்குங்க. எதுவா இருந்தாலும் இப்ப மருந்து இருக்கு."

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்!"

"அது சரிண்ணே, எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்க்க நான் அதற்கு முந்தின வாரம் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அந்த வாசலில் என்னை யாரோ பார்த்திருக்கிறார்கள். அதையும் இந்தக் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அவள் போன பிறகு சலோமி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, எதுக்குத்தான் கை தூக்குனீங்க?"

"சும்மாதான்."

"சும்மா தூக்கறதுக்கு அதென்ன பஸ் ஸ்டாப்பா? டவுன் பஸ்ஸுக்கா கை காட்டுனீங்க?"

எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். தப்பு அங்கேதான் நடந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்றால் வேறு யாருக்கோ என்றுதானே அர்த்தம்? மீன்சுருட்டியில் கட்டிக்கொடுத்த பியூலா அந்த மாதம் பல் பிடுங்குவதற்காக எங்கள் வீட்டில் வந்து சில நாள் தங்கியிருந்தாள். கன்னம் வீங்கி, முகம் வாடி, கோயிலுக்கும் வந்திருந்தாள்.

அவ்வளவு போதாதா? சபையின் ஜெபக் குழுவில் வாட்ஸ்அப் வந்துவிட்டது. "ஆசீர்வாதம் அண்ணன் மகள் குடும்பத்தில் சமாதானம் உண்டாக ஜெபிக்கவும்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. அன்பாகத்தான் ஜெபித்தார்கள், உபவாசம்கூட இருந்தார்கள். ஜெபம் மட்டும் தப்பான வீட்டுக்குப் போய்விட்டது.

குழு விட்டுக் குழு தாண்டி அது ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து மீன்சுருட்டிக்கும் போய்விட்டது.

பியூலா போனில் அழுதாள். "அப்பா, நீ என்னத்துக்குப்பா கை தூக்குன? நான் அங்க வந்து இவங்களப் பத்திக் கொற சொல்லிட்டேன்னு நெனைக்கிறாங்க. அத்தை எங்கிட்ட பேசறதே இல்ல. தட்ட வச்சிட்டு எந்திரிச்சிப் போயிடறாங்க."

"மாப்ள என்ன சொல்றாரு?"

"அவரு அம்மா மொகத்தையும் பாக்கறாரு, என் மொகத்தையும் பாக்கறாரு. நடுவுல எதுவும் சொல்ல மாட்டேங்கறாரு."

கோபுரத்தில் ஏறாமல் என் மானத்தைக் காப்பாற்றப் போய், என் மகள் சோறு தின்கிற வீட்டில் கலகம் மூட்டிவிட்டேன்.

மேலே போன கொத்தனார்

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அரியலூரில் பஸ் மாறி, ஜெயங்கொண்டத்தில் மாறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். முந்திரிக் காடுகள் ஓடின.

கங்கைகொண்ட சோழபுரத்தில் பஸ் நின்றது. அந்தக் கோபுரம் மரங்களுக்கு மேலே நின்றது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தொழில்காரன் என்ற முறையில் மட்டம் பார்ப்பேன், கல் பிடிப்பைப் பார்ப்பேன். அன்றைக்கு வேறு ஒன்றைப் பார்த்தேன்.

அந்த உச்சிக்கு ஒருவன் ஏறியிருக்கிறான் அல்லவா? அவனுக்குக் கால் நடுங்கியிருக்காதா? நடுங்கியிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பான்? ராஜாவின் பேர் தெரிகிறது. அவன் பேர் யாருக்குத் தெரியும்? பேரே தெரியாதபோது பயம் எங்கே தெரியப்போகிறது?

கண்டக்டர் விசில் ஊதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னாங்க, சாமிய இங்கருந்தே கும்பிட்டாச்சா?" என்றார். "கொத்தனாரக் கும்பிட்டேம்மா" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

சம்பந்தி வீட்டுக் காப்பி

சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அவரும் எங்களைப் போலச் சபைக்காரர்தான். வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வாங்க சம்பந்தி. எங்க வூட்ல சமாதானம் இருக்கான்னு பாக்க வந்தீங்களா? உள்ள வந்து தேடிப் பாருங்க."

உள்ளே போனேன், காப்பி வந்தது. பியூலா சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பார்த்த பிறகு வீம்பு பிடிக்க எனக்குத் தெம்பு இல்லை.

"சம்பந்தி, நான் கை தூக்குனது ஒங்க வூட்டுக்காக இல்லீங்க. என் காலுக்காக."

"காலுக்கா? காலுக்கு என்ன?"

"ஒசரத்துல ஏறுனா நடுங்குதுங்க. பயமா இருக்கு. என்னால அந்தக் கோபுரத்துல ஏற முடியாது. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கைய மட்டும் தூக்குனேன்."

சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியம். கூரை இடிந்து விழவில்லை. காப்பி தம்ளரில் ஆடை படிந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் குனிந்து என் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு. "இத்தினி பெரிய மனுசன், பத்து ஊருக்குக் கேக்கற மாதிரி சாட்சி சொல்றவரு, இதுக்கா?" என்றார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"நானும் ஒண்ணு சொல்றேன் சம்பந்தி. பியூலா ஒங்க வூட்டுக்கு வந்து தங்குன நாளெல்லாம் எனக்கு இங்க சோறு எறங்கல. அவரு போனதுலேருந்து இந்த வூட்ல தனியா இருந்தா மூச்சு முட்டுது. எம் மருமக இல்லாம இருக்க முடியலன்னு எந்த மாமியா வாயத் தொறந்து சொல்லுவா? அந்த நேரம் பாத்து, சமாதானம் இல்லன்னு ஊரெல்லாம் ஜெபம் பண்ணா எனக்கு எப்படி இருக்கும்?"

சமையல்கட்டிலிருந்து பியூலா ஓடி வந்தாள். "அத்தை, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஒங்கப்பன் மக. ஒங்கிட்ட சொன்னா, எனக்கு ஒண்ணுமில்ல அத்தைன்னு சொல்லுவ."

நான் கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசலில் நிறுத்தினார். "எங்கிட்ட சொன்னா போதாது. யார் யாரு எங்க வூட்டுக்காக ஜெபம் பண்ணாங்களோ, அவங்க எல்லாரு முன்னாடியும் சொல்லணும். அப்பத்தான் எம் மருமக தல நிமிந்து நடப்பா."

செங்கல் தெரிகிற சுவர்

அடுத்த புதன்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்றைக்கே சலோமியிடம் சொல்லிவிட்டேன். "இதத்தான் நீங்க வூட்லயும் டீ கிளாஸ ரெண்டு கையால பிடிக்கறதப் பாத்தே கண்டுபுடிச்சேனே. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளிடம் பூச்சு வேலை எடுபடுமா?

போதகர் கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால் நான் எழுந்தேன். "யாரும் கண்ண மூட வேண்டாம். என்னப் பாருங்க."

சாட்சி சொல்லப்போகிறேன் என்று நினைத்து, பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் சொன்னேன். தொட்டி ஏணியைச் சொன்னேன். கம்பி சுட்டதைச் சொன்னேன். கீழே நின்று கோணல் பார்த்தது பொய் என்று சொன்னேன். என் மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, குறை என் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது என்று சொன்னேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

அவர்கள் காத்திருந்தார்கள். ஆண்டவர் எப்படிச் சுகம் கொடுத்தார் என்கிற பாகம் வர வேண்டும் அல்லவா?

"அவ்வளவுதான். இன்னும் நடுங்குது."

பின்னால் ஒருவர், பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும்தான்.

"அப்ப ஆரஞ்சு வாங்கிக் குடுத்தது வீணாண்ணே?" என்றாள் ஞானசவுந்தரி.

"வீணாகல. நல்லா இனிச்சுது."

அவளும் சிரித்தாள். சிரித்தவள் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே பேச ஆரம்பித்தாள். துபாயில் இருக்கும் மகன் போன் பேசுவதை நிறுத்திப் பல மாதமாகிறது என்றாள். ஒவ்வொரு புதன்கிழமையும் கை தூக்கியது அதற்காகத்தான் என்றாள். மற்றவர்களின் காரியத்தை விசாரித்துக்கொண்டே இருந்தால் யாரும் தன்னைக் கேட்கமாட்டார்கள் என்று இருந்தாளாம். பக்கத்திலிருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் அவளுக்கு வசனம் எடுத்துப் போதிக்கவில்லை. அது பெரிய காரியம்.

கடைசியில் போதகரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஞாயித்துக்கெழம காலையில, பிரசங்கத்துக்கு முன்னாடி வயிறு கலங்கும். இத்தன வருசமாவும். அதனாலதான் லேட்டா வரேன். தூங்கிட்டேன்னு நெனச்சிருப்பீங்க."

நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அன்றைக்குச் சுண்டல் ஆறிப்போய்விட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சிலுவை ஏறியது

பிரதிஷ்டை அன்று சிலுவையை எடுத்துக்கொண்டு ஏறியது குமார். என்னிடம் வேலை செய்கிற கொத்தனார், நாற்பது வயசுக்காரன், ஐயனார் கும்பிடுகிறவன். "எங்க சாமியையும் கும்பிட்டுட்டு ஏறிக்கிறேன் மேஸ்திரி, தப்பில்லயே?" என்றான். "கயித்த இறுக்கிக் கட்டிக்க, அப்பறம் யார வேணும்னாலும் கும்பிடு" என்றேன்.

நான் கீழே நின்றேன். இந்தத் தடவை சாக்கு எதுவும் இல்லை. பயந்தவன் நிற்கிற இடத்தில், பயந்தவனாகவே நின்றேன். மீன்சுருட்டியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். சம்பந்தியம்மாவும் பியூலாவும் ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள்.

"எடது பக்கம் சாயுதுடா! இன்னும் கொஞ்சம்! நில்லு! அப்படியே நில்லு!" என் குரலுக்கு நடுக்கம் கிடையாது. சிலுவை நேராக நின்றது. வேண்டுமானால் தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். கீழே நின்றால் கோணல் நன்றாகத் தெரியும் என்று நான் சொன்ன பொய், கடைசியில் உண்மையாகவே ஆகிவிட்டது.

அதற்கான நன்றியை நான் எந்தச் சாட்சியிலும் சொல்லி முடிக்கவில்லை. கால் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. புதன்கிழமைகளில் யாராவது, "கால் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பார்கள். "அப்படியேதான் இருக்கு" என்பேன். "சரி, ஜெபிக்கிறோம்" என்பார்கள். ஒருவருடைய கால் சரியாகாமலே அதற்காக அலுக்காமல் ஜெபிக்கிற ஜனங்கள் எனக்குக் கிடைத்திருக்கிறார்கள். நான் கட்டிய எதுவும் அந்த அளவுக்குத் தாங்காது.

இப்போது எங்கள் சபையின் வீட்டு ஜெபக்கூட்டங்களில் கண்ணை மூடுவதற்கு முன்னால் வாயைத் திறக்கிற நேரம் ஒன்று உண்டு. முடியாத கதையையும் சொல்லலாம். சொல்ல முடியாதவர்கள் கையை மட்டும் தூக்கலாம். ஆனால் தூக்கிய கைக்கு யாரும் அர்த்தம் கண்டுபிடிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. இதைக் கேள்விப்பட்டு அரியலூர், ஜெயங்கொண்டம் சபைகளிலும் ஆரம்பித்திருக்கிறார்களாம். சந்தோஷம்.

ஆனால் ஒன்று. சென்ற மாதம் அரியலூரில் நடந்த ஊழியர் கூட்டத்தில் எங்கள் போதகர், "எங்க சபையில ஆதியிலேருந்தே இப்படி ஒரு நல்ல வழக்கம் உண்டு" என்று பேசியிருக்கிறார். நல்ல மனுஷர்தான். என் காலுக்காக முழங்காலில் நிற்கிறவர். இருந்தாலும் இதை அவரும் படிப்பார் என்பதால் அச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

போதகர் ஐயா, ஆலய வாசலில் பதிக்கப்போகிற கல்வெட்டில், கட்டியவர் ஆசீர்வாதம் மேஸ்திரி என்று போடத்தான் போகிறீர்கள், அது எனக்குத் தெரியும். சிலுவையை ஏற்றியவர் குமார் என்று அவன் பேரையும் போடுங்கள், விட்டுவிடாதீர்கள். ஆனால் இனிமேல் எந்த ஊரில் எந்த மேடையில் இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசினாலும், ஆதியிலிருந்து வந்தது என்று சொல்லாதீர்கள். அது ஆசீர்வாதம் மேஸ்திரியின் கால் நடுக்கத்திலிருந்து வந்தது. என் பேரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும். நடுக்கத்தையும் சேர்த்து.